சொந்த வீட்டுக்குப் பயந்து ஒரு பயணம்

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 4.25. திருகோணமலை பாலையூற்றில் எங்கள் வீட்டுப் படலையைத் திறந்து மோட்டார் சைக்கிளை ஒழுங்கைக்கு உருட்டினேன். முதுகில் ஒரு பை, தாங்கியில் மூன்று லீற்றர் பெற்றோல், முகத்தில் இரட்டை மாஸ்க். போய்ச் சேர வேண்டிய இடம் சிங்கப்பூர். அன்றைக்குப் போனது என்னவோ சல்லி வரைக்கும்தான். பத்துக் கிலோமீற்றர் சொச்சம்.

நான் சரக்குக் கப்பலில் சமையற்காரன். போய்வந்த துறைமுகங்களைப் பற்றி முன்பு சில கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். அவற்றில் கடல் இருக்கும், கிரேன் இருக்கும், வெளிநாட்டுச் சந்தையில் மீன் என்ன விலை என்று இருக்கும். இதில் அது ஒன்றும் இல்லை. கொரோனாவின் இரண்டாவது வருடம், மாசி மாதத்தில், சொந்த மாவட்டத்துக்குள்ளேயே பதினொரு நாள் ஓடித் திரிந்த கதை இது. யாருக்குப் பயந்து ஓடினாய் என்று கேட்டால், மனைவிக்கும் மகளுக்கும். சிரிக்க வேண்டாம். அந்த வருடம் பலர் இப்படி ஓடினார்கள், எழுதத்தான் இல்லை.

அன்று காலை 9.40க்குக் கொழும்பு ஏஜென்சியிலிருந்து அழைப்பு வந்தது.

“சிங்கப்பூரில கப்பல் ரெடி ஐயா. அடுத்த கிழமை, சனி விடியப்புறம் பிளேன். வியாழக்கிழமை பி.சி.ஆர். எடுங்கோ. பொசிட்டிவ் எண்டு வந்தா எங்களால ஒண்டும் செய்ய ஏலாது. மற்ற ஆளை ஏத்திப்போடுவம்.”

மற்ற ஆள் யார் என்று எனக்குத் தெரியும். நீர்கொழும்புக்காரன், நல்ல கைப்பக்குவம், என்னைவிடப் பன்னிரண்டு வயது இளமை. நான் கப்பலை விட்டு இறங்கிப் பதினைந்து மாதம். இடையில் இரண்டு தடவை ‘வா’ என்று கடிதம் வந்து, துறைமுகத்தை மூடிவிட்டார்கள் என்று இரண்டு தடவையும் நின்றுபோனது. வருகிற ஆவணியில் எனக்கு ஐம்பத்தெட்டு வயது. அதற்குமேல் எங்கள் கம்பெனி புது ஒப்பந்தம் போடாது. இந்தக் கப்பலைத் தவறவிட்டால் அத்தோடு நான் கரை மனிதன். இதை மனைவி பவானியிடம் விளக்கத் தேவையில்லை. அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

நாலு மணிக்கு மகள் கீர்த்தனா ரியூசன் வகுப்பால் வந்தாள். வயது பதினைந்து. சைக்கிளைச் சுவரில் சாத்த முதலே, “ரியூசன் சேருக்குக் காய்ச்சலாம் அம்மா. வகுப்பை மூடிப்போட்டினம்,” என்றாள்.

பவானி கறிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் குசினி வாசலுக்கு வந்தாள். “நீ அப்பிடியே கிணத்தடிக்குப் போ. உடுப்போட குளி.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “இஞ்சருங்கோ, நீங்கள் வெளிக்கிடுங்கோ.”

“எங்க?”

“எங்கயெண்டாலும். தம்பியின்ர வாடி சும்மாதானே கிடக்குது.”

“பிள்ளைக்கு ஒண்டுமில்லையேயப்பா.”

“இப்ப ஒண்டுமில்லை. அது தெரிய அஞ்சாறு நாள் எடுக்குமாம். வந்தாப் பிறகு ஓடி என்ன பிரயோசனம்?”

இருபத்தைந்து நிமிடத்தில் பை கட்டியாகிவிட்டது. கீர்த்தனா நனைந்த தலையோடு கிணற்றடியிலேயே நின்று, “போட்டு வாங்கோ அப்பா,” என்று கையைக் காட்டினாள். நானும் காட்டினேன். எங்களுக்கிடையில் ஒரு முப்பது அடி இருக்கும். எட்டு மாதம், ஒன்பது மாதம் என்று கப்பலுக்குப் போகும் ஆள் நான். ஒவ்வொரு முறையும் பிள்ளையின் உச்சியில் கை வைத்துவிட்டுத்தான் படலையைத் தாண்டுவேன். இந்த முறை அது இல்லை. புத்திசாலித்தனமான காரியம் செய்கிறேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

சல்லி, செவ்வாய் முதல் வெள்ளி வரை.

நகரத்திலிருந்து நிலாவெளி வீதியால் வடக்கே போய்ச் சாம்பல்தீவில் வலப்பக்கம் திரும்பினால் சல்லி. அங்கே பவானியின் தம்பி யோகனுக்கு ஒரு படகும், கடற்கரையில் ஒரு வாடியும் உண்டு. வாடி என்றால் தகரக் கூரையும் மூன்று பக்கம் தென்னங்கிடுகும், வலை வைக்கிற இடம். நாலாவது பக்கம் கடல். எனக்கு ஒரு பாய், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, பிளாஸ்ரிக் கதிரை ஒன்று. யோகன் இவற்றை வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்றான்.

“அத்தான், சாப்பாடு கொண்டந்து இந்தப் பீப்பாவில வைப்பன். நான் போனாப் பிறகு எடுங்கோ.”

“உனக்கு இருமல் இருக்கோ?”

“நேற்றுச் சுருட்டுக் குடிச்சு ரெண்டு தரம் இருமினனான். அதையும் கணக்கில எடுக்கிறியளோ?”

எடுத்தேன். கப்பல் குசினியில் குளிர் அறையின் வெப்பநிலையை ஒரு நாளைக்கு மூன்று தடவை பார்த்துக் கொப்பியில் எழுதிவைக்க வேண்டும். எழுதாவிட்டால் இறைச்சி பழுதாகவில்லை என்று ஒருவரும் நம்ப மாட்டார்கள். அந்தப் பழக்கத்தில் வாடியிலும் ஒரு கொப்பி தொடங்கினேன். காய்ச்சல்: இல்லை. இருமல்: இல்லை. மணம்: உண்டு. மணம்தான் எனக்கு முக்கியம். இந்த வருத்தம் மூக்கைத்தான் முதலில் பிடிக்கும் என்று சொல்லியிருந்தார்கள். மூக்குப் போன சமையற்காரனைக் கப்பலில் என்ன செய்வது? சல்லியில் அதைச் சோதிக்க வசதி அதிகம். வாடிக்கு இரு பக்கமும் பந்தல் போட்டுச் சாளை மீனும் கீரி மீனும் காயப் போட்டிருந்தார்கள். காலையில் கண் விழித்தவுடன் எழும்பி இருந்து மூச்சை உள்ளே இழுப்பேன். கருவாடு நாறினால் சந்தோஷம். இப்படிச் சந்தோஷப்பட்ட ஆள் அந்தக் கடற்கரையில் நான் ஒருவன்தான்.

புதன்கிழமை ஒரு சனமும் வரவில்லை. ஆண்கள் சைக்கிள் கரியரில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு சந்தைப் பக்கம் போவார்கள், வெறும் பெட்டியோடு திரும்புவார்கள். முத்துமாரியம்மன் கோயில் மணி காலையிலும் மாலையிலும் கேட்கும். பவானியோடு தொலைபேசியில் கதைத்தேன். “பிள்ளைக்குக் காய்ச்சலோ?” “இல்லை.” “இருமலோ?” “இல்லை.” கொப்பியில் மகளுக்கும் ஒரு நிரல் கீறினேன்.

வியாழன் காலை எல்லாம் பிழையாகப் போய்விட்டது. வெளிநாடு போகும் ஆள் சொந்தக்காரர் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்ல வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். போகாவிட்டால் அவர்கள் தேடி வருவார்கள். வந்தும் சரியாகக் கதைக்காவிட்டால் பத்து வருடத்துக்குப் பிறகும் ஒரு கலியாண வீட்டில் அந்தக் கதை எழும்பும். நான் வாடியில் நிற்கிறேன் என்று யோகனின் மனைவி தண்ணீர்க் குழாயடியில் ஒருவருக்குச் சொல்லியிருக்கிறாள். ஒருவருக்குத்தான். வெள்ளி மத்தியானத்துக்குள் பதினான்கு பேர் வந்து போனார்கள். மாஸ்க் எல்லோரிடமும் இருந்தது, நாடியில்.

நான் கதிரையைத் தூக்கிக் கடற்பக்கம் போட்டுக்கொண்டு, “அங்கயே நில்லுங்கோ, அங்கயே நில்லுங்கோ,” என்று கத்துவேன். அவர்கள் காற்றில் கேட்கவில்லை என்று கிட்ட வருவார்கள். நான் கதிரையை இன்னும் பின்னுக்கு இழுப்பேன். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கதிரையின் பின்கால் இரண்டும் தண்ணீருக்குள் நின்றன.

கடைசியாக வந்தவர் பவானியின் சித்தி, இராசம்மா. அறுபத்தெட்டு வயது. ஒரு பையில் அரியதரப் பலகாரம், இன்னொரு பையில் மிளகாய்த்தூள், இரண்டு கிலோ.

“அரியதரம் உங்களுக்கு மருமகன். தூள் என்ர பெடியனுக்கு. கனடாவில நிக்கிறான். கப்பல் அங்கால போகேக்க இறக்கிவிடுங்கோ.”

“சித்தி, கப்பல் கனடாவுக்குப் போறேல்லை.”

“ஏன், அங்க கடல் இல்லையோ?”

நான் யோசிக்கும் இடைவெளியில் சித்தி நேரே வந்துவிட்டார். மாஸ்க்கை இறக்கி, “அம்மாளே, கொண்டுபோன மாதிரிக் கொண்டுவந்து சேர்த்துவிடு,” என்று சொல்லி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, இரண்டு கன்னத்தையும் பிடித்துக் கொஞ்சிவிட்டுப் போனார். பின்னால் கடல், எனக்கு ஓட வழியில்லை.

அவர் பனைகளைத் தாண்டும்வரை பொறுத்திருந்தேன். பிறகு வாளித் தண்ணீரை எடுத்துச் சவுக்காரம் போட்டு முகத்தைத் தேய்த்தேன். மூன்று தடவை. நிமிர்ந்தால் சித்தி நிற்கிறார். குடையை மறந்துபோய்த் திரும்பி வந்திருக்கிறார்.

“அம்மாளின்ர திருநீற்றையோ சவுக்காரம் போட்டுக் கழுவுறியள்?”

“அது இல்லை சித்தி, இந்த வருத்தம்...”

“எனக்கு வருத்தமெண்டு ஆர் சொன்னது?”

குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தூள் பையையும் எடுத்துக்கொண்டார். அரியதரத்தை மட்டும் வைத்துவிட்டுப் போனார். அது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. இரவு யோகன் பத்தடி தள்ளி நின்று, “சித்தி அழுதவ அத்தான்,” என்றான். சல்லியில் இனி நிற்க ஏலாது என்று முடிவெடுத்தேன்.

சனிக்கிழமை, காலை 8.30. சல்லியிலிருந்து தெற்கே.

கிண்ணியாவைச் சேர்ந்த நசார் என்னோடு ஒன்பது வருடம் ஒரே கப்பலில் வேலை செய்தவன். இப்போது நெல் லொறி வைத்திருக்கிறான். அவனுக்கு ஈச்சிலம்பற்றில் நெல்லு வைக்கிற களஞ்சியமும் அதோடு சேர்ந்து ஓர் அறையும் இருந்தன. தொலைபேசியில் எடுத்துச் சொன்னேன். “வா மச்சான்,” என்றான், வேறு கேள்வி கேட்கவில்லை.

உப்புவெளியில் பெற்றோல் அடித்தேன், லீற்றர் 137 ரூபா. எங்கள் ஒழுங்கை முடக்கை 9.05க்குத் தாண்டினேன். வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். நாய் ஒன்று படுத்திருந்தது. திருப்பவில்லை. சீனன்குடாவில் விமானப்படை முகாமின் வேலியும், மரங்களுக்குள் பழைய எண்ணெய்த் தாங்கிகளும். ஒரு விமானம் இறங்கியது. அங்கே நின்று பார்த்தால் ஆள் வந்து விசாரிப்பான் என்பதால் எல்லோரும் போலவே முன்னால் பார்த்துக்கொண்டு போனேன்.

கிண்ணியாப் பாலத்தின் அந்தப் பக்கத்தில் நசார் நின்றான். ஐந்து வருடத்துக்குப் பிறகு காண்கிறோம். முன்பென்றால் கட்டிப்பிடித்து முதுகில் அடித்திருப்போம். இப்போது அவன் ஒரு ஹெல்மெட்டை வீதியோரக் கல்லில் வைத்துவிட்டு, நான் எடுப்பதற்காகப் பின்னால் போய் நின்றான்.

“சாவி அதுக்குள்ள இரிக்கி. கிணத்துத் தண்ணி நல்லம், குடிக்கலாம். புரியாணி கொஞ்சம் கட்டி வெச்சிரிக்கி. சூடு போகமுதல் தின்னு.”

“ஆர் சமைச்சது?”

“பொஞ்சாதி. அவவுக்குக் காய்ச்சலும் இல்ல, இருமலும் இல்ல. கேக்கத்தானே போற?”

கேட்கத்தான் போனேன். இருவரும் சிரித்தோம். பாலத்தில் காற்று பலமாக இருந்ததால் அதிக நேரம் கத்திக் கதைக்கவில்லை. இறால்குழி, மூதூர் என்று தாண்டி, மூதூரில் ஓர் இளநீர் குடித்தேன், எண்பது ரூபா. ஈச்சிலம்பற்றைச் சேர 11.50 ஆகிவிட்டது. சல்லியிலிருந்து எழுபது கிலோமீற்றருக்குக் கிட்ட.

ஈச்சிலம்பற்று, சனி முதல் வியாழன் வரை.

கண்ணுக்கு எட்டியவரை வயல், பாதி வெட்டியாகிவிட்டது. வெட்டு மெசின் காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் பின்னேரம் வரை ஓயாது. என்னுடைய அறைக்குள் ஒரு கட்டில், ஒரு மேசை, மூலையில் எலி. சனங்கள் வயலில், நான் கிணற்றடியில். ‘கப்பல்காரர், கொரோனாவுக்குப் பயந்து வந்து நிற்கிறார்’ என்று நசார் சொல்லிவைத்திருந்தபடியால் ஒருவரும் கிட்ட வரவில்லை. ஞாயிறு முழுவதும் மரவள்ளிக் கிழங்கு அவித்து, சம்பல் இடித்துச் சாப்பிட்டு, படுத்து எழும்பினேன். இந்தப் பதினொரு நாளில் பயமில்லாமல் இருந்த நாள் அது ஒன்றுதான்.

திங்கள், காலை 7.15. பவானி தொலைபேசியில் எடுத்தாள்.

“பிள்ளைக்கு ராத்திரியிலயிருந்து காய்ச்சல்.”

நான் உடனே விரலை மடித்துக் கணக்குப் பார்த்தேன். செவ்வாய் வெளிக்கிட்டது. புதன், வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. ஐந்து நாள் முழுதாக. “அப்ப எனக்கு வர வாய்ப்பில்லை,” என்றேன்.

“ஓம். உங்களுக்கு வராது,” என்றாள்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சோதித்ததில் கீர்த்தனாவுக்குப் பொசிட்டிவ், தாய்க்கு இல்லை. பின்னேரம் சுகாதாரப் பரிசோதகர் வந்து படலையில் கடதாசி ஒட்டினார். பதினான்கு நாள் உள்ளே யாரும் போகவும் கூடாது, வெளியே வரவும் கூடாது. வீட்டில் இருந்தவர்களின் பெயர்களைக் கேட்டபோது பவானி என் பெயரையும் வெளிக்கிட்ட நாளையும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறாள். அவர் எனக்கு எடுத்தார்.

“நீங்கள் காய்ச்சல் வர அஞ்சு நாளுக்கு முன்னமே போட்டீங்கள். எங்கட பட்டியலில வரமாட்டீங்கள். எண்டாலும் தனியா நில்லுங்கோ. வியாழன் எடுக்கிற ரிசல்ட்டை எனக்கும் சொல்லுங்கோ.” பிறகு, “நல்ல வேலை செய்தனீங்கள் ஐயா, எல்லாரும் இப்பிடி யோசிச்சா எங்களுக்குக் கரைச்சல் இல்லை,” என்றார். எனக்கு அன்றைக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு மூன்று தடவை மகளோடு கதைத்தேன். வீடியோ இல்லை, வயலுக்குள் அந்த அளவுக்குச் சிக்னல் கிடைக்காது.

“காய்ச்சல் எவ்வளவு?”

“நூற்றொண்டு அப்பா.”

“இருமலோ?”

“இல்லை அப்பா.”

“மூச்செடுக்கக் கஷ்டமோ?”

“இல்லை அப்பா. அம்மாட்டக் குடுக்கிறன்.”

அவ்வளவுதான். நாலு வார்த்தைக்கு மேல் கதைக்க மாட்டாள். வாய் ஓயாத பிள்ளை அது. காய்ச்சல் களைப்பாக்கும் என்று எண்ணிக்கொண்டு, இருமல்: இல்லை, என்று கொப்பியில் எழுதினேன். இருமல் இல்லாவிட்டால் நெஞ்சுக்குள் இறங்கவில்லை என்று பேப்பரில் வாசித்திருந்தேன்.

அந்தச் செவ்வாய் இரவு நசார் எடுத்தான். “எப்பிடி மச்சான்?”

“நான் போன செவ்வாயே வெளிக்கிட்டனான். எனக்கு ஒண்டும் இல்லை.”

“நான் ஒன்னக் கேக்கல்ல. புள்ளையத்தான் கேட்டன்.”

வெட்கமாக இருந்தது. அதை இங்கே எழுதும்போதும் இருக்கிறது. ஆனால் அந்த வெட்கம் அரை மணித்தியாலம்கூட நிலைக்கவில்லை, ஏனென்றால் அதற்குள் வேறொரு விஷயம் ஞாபகத்துக்கு வந்து எனக்கு வியர்த்துவிட்டது. கடவுச்சீட்டும், கப்பல்காரர் ஒவ்வொருவருக்கும் கொடுக்கிற கடலோடிப் புத்தகமும் வீட்டு அலுமாரிக்குள் இருந்தன. இருபத்தைந்து நிமிடத்தில் வெளிக்கிட்ட பயணம். உடுக்கிற சாரம் இருக்கிறது, சவரக்கத்தி இருக்கிறது, கொப்பிகூட இருக்கிறது. அந்த இரண்டும் இல்லை. அவை இல்லாமல் விமான நிலையத்து வாசலைக்கூடத் தாண்ட ஏலாது.

எடுத்தேன். பவானி முதல் மணியிலேயே பேசினாள். “அலுமாரிதானே? சனிக்கிழமையே கண்டனான். நீங்களாக் கேக்கட்டும் எண்டு இருந்தனான்.”

“அதில கிருமி...”

“அது எனக்குத் தெரியாதே? பையில போட்டு மதிலில வைக்கிறன். ரெண்டு நாள் வெயில் காயட்டும். பரிசோதகரிட்டயும் கேட்டிட்டன், பிரச்சினை இல்லையாம்.”

புதனும் வியாழனும் என் கடவுச்சீட்டு எங்கள் மதிலின் மேல் இரண்டு செங்கல்லுக்கிடையில் கிடந்து வெயில் காய்ந்தது. மழை வருமோ, காகம் தூக்குமோ என்று நாலு தடவை எடுத்துக் கேட்டேன். அந்த இரண்டு நாளும் பிள்ளையின் காய்ச்சலைவிட அந்தப் பையைத்தான் நான் அதிகம் நினைத்தேன். நூற்றொன்று, நூறு, தொண்ணூற்றொன்பதரை என்று காய்ச்சல் இறங்கியது. இருமல்: இல்லை.

வியாழன், காலை 5.40. ஈச்சிலம்பற்றிலிருந்து நகரத்துக்கு.

தனியார் பரிசோதனை நிலையத்தில் எனக்கு முன் ஏழு பேர். எல்லோரும் வெளிநாடு போகிறவர்கள். ஒருவருக்கொருவர் ஆறடி தள்ளி, ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு நின்றோம். கட்டணம் 6,500 ரூபா. மூக்கில் குச்சி போன நேரம் ஐந்து விநாடி இருக்கும். உள்ளே இருந்த பிள்ளை, “பயப்பிடாதேங்கோ ஐயா, நாளைக்குப் பத்து மணிக்கு மெசேஜ் வரும்,” என்றாள். அவளுக்கு நான் குச்சிக்குப் பயந்தேன் என்று எண்ணம்.

அன்றிரவு உப்புவெளிக் கடற்கரையில் ஒரு விடுதியில் அறை எடுத்தேன். ஆடி ஆவணியில் வெள்ளைக்காரர் நிறைந்து ஆறாயிரத்துக்குப் போகும் அறை, ஆயிரத்து ஐந்நூறுக்குக் கிடைத்தது. முழு விடுதியிலும் நான் ஒருவன்தான். பிறந்து வளர்ந்த ஊரில் முதல் தடவையாகக் காசு கொடுத்துப் படுத்தேன். வீடு ஐந்து கிலோமீற்றர் தூரம்.

வெள்ளி, காலை 10.20. மெசேஜ் வந்தது. நெகட்டிவ்.

கட்டிலில் இருந்து அழுதேன். சந்தோஷத்தில்தான். ஏஜென்சிக்கு அனுப்பினேன், பரிசோதகருக்குச் சொன்னேன். யோகன் வந்து மோட்டார் சைக்கிளை எடுத்துப் போனான். அவன் இருமினானா என்று அன்றைக்குத்தான் நான் கவனிக்கவில்லை. விமான நிலையத்துக்கு வாடகை வான் பிடித்தது பதினெட்டாயிரம் ரூபா. தூரம் 250 கிலோமீற்றர் அளவில். சாரதி என் வயதுக்காரர். ஏ.சி. போடாமல், கண்ணாடி நாலையும் இறக்கிவிட்டுத்தான் ஓட்டுவேன், அதுதான் இப்போது பாதுகாப்பு என்றார்.

12.15க்கு எங்கள் ஒழுங்கை. படலையில் கடதாசி. மதிலில் பை. நான் இறங்கி, கிருமிநாசினி தெளித்து, பையைத் திறந்து பார்த்தேன். கடவுச்சீட்டு அப்பளம் போல வளைந்திருந்தது. அடியில் ஒரு போத்தல் பருத்தித்துறை வடையும் வைத்திருந்தாள்.

பவானி விறாந்தையில் நின்றாள். கீர்த்தனா யன்னலுக்குள், மாஸ்க்கோடு. பத்து நாளில் முகம் பாதியாகிவிட்டது.

“பிள்ளை, இப்ப எப்பிடி?”

தலையை ஆட்டினாள்.

“இருமலோ?”

இல்லை என்று தலையாட்டினாள். பிறகு பெருவிரலை உயர்த்திக் காட்டினாள். நான் படலைப் பக்கம் ஓரடி வைத்தேன். அவள் யன்னலை விட்டு ஓரடி பின்னுக்குப் போனாள்.

“கிட்டப் போகாதேங்கோ,” என்றாள் பவானி. “இவ்வளவு நாள் பாடுபட்டது என்னத்துக்கு? நேரம் போகுது, வெளிக்கிடுங்கோ.”

“போட்டு வாறன்.”

“ஓம். போட்டு வாங்கோ.”

எல்லாம் நாலு நிமிடம். எங்கள் ஒழுங்கை குருட்டு ஒழுங்கை. வந்த வான் கடைசிவரை போய், அங்குள்ள பொதுக் கிணற்றடி வெளியில் திருப்பிக்கொண்டு, திரும்பவும் எங்கள் வீட்டைக் கடந்துதான் போக வேண்டும். பவானிக்கும் மகளுக்கும் அந்த நேரத்தில் அது ஞாபகத்தில் இருக்கவில்லை போலும். வான் மெதுவாகத் திரும்பி வந்தபோது விறாந்தையில் ஒருவரும் இல்லை. யன்னல் திறந்தபடி. உள்ளேயிருந்து இருமல் கேட்டது.

ஒரு இருமல் இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாக, மூச்சு எடுக்க இடைவெளி இல்லாமல், நெஞ்சுக்குள்ளிருந்து கிளறிக்கொண்டு வந்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி பிள்ளை குனிந்து நிற்பதும், பவானி முதுகைத் தடவுவதும் யன்னலால் தெரிந்தன. அவர்கள் வீதிப் பக்கம் பார்க்கவில்லை.

சாரதி பிரேக்கில் காலை வைத்தார். “நிப்பாட்டவோ ஐயா?”

“போங்கோ,” என்றேன்.

ஹபரணையில் வான் நின்றது. அங்கே தேநீர் குடித்தோம், நாற்பது ரூபா. சனி விடியப்புறம் விமானம் நேரத்துக்குக் கிளம்பியது.

சிங்கப்பூரில் ஒரு ஹோட்டல் அறைக்குள் என்னைப் பதினான்கு நாள் அடைத்து வைத்தார்கள். கதவைத் தட்டிச் சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு ஓடுவார்கள், யோகனைப் போல. பதினோராம் நாள் பவானி எடுத்தாள். படலைக் கடதாசியைக் கிழித்துவிட்டார்களாம். பிள்ளைக்கு நல்ல சுகம், புட்டுக் கேட்டுச் சாப்பிடுகிறாளாம். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள்.

“இப்ப சொன்னாப் பரவாயில்லை. அவளுக்கு முதல் நாளே இருமல் பிடிச்சிட்டுது. நீங்கள் எடுக்கேக்கெல்லாம் தலாணிக்குள்ள முகத்தை அமத்தி இருமி முடிச்சுப்போட்டு வந்துதான் கதைச்சவள். என்னட்டச் சத்தியம் வாங்கினவள். ‘அப்பாட்டச் சொல்லாதேங்கோ அம்மா, தெரிஞ்சா கப்பலை விட்டிட்டு வந்திடுவார்’ எண்டு.”

“ஓம்,” என்றேன்.

கப்பலில் ஏறி இன்றைக்கு இருபது நாள். குசினி நல்ல குசினி, அடுப்பு நாலும் வேலை செய்கிறது. கீர்த்தனா தினமும் மெசேஜ் போடுகிறாள், பழையபடி வாய் ஓயாமல். வானுக்குள் இருந்து நான் அந்த இருமலைக் கேட்டேன் என்று அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. அவள் தன் மனதில் வைத்திருக்கும் தகப்பன் அந்த இடத்தில் இறங்கியிருப்பான்.